வலிக்காத காலில் முள்

போன வாரம் தாமூவின் வீட்டு முற்றத்தில் அவளும் கணவரும் மகளும் நாத்தனாருமாக நாலு பேரும் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்ற இடத்தில் விட்டோம். வலி தாமூவின் இடது குதிகாலில். நாலு மாதமாக வலி. ஆனால் படத்தில் முள் இருந்தது வலது குதிகாலில். எலும்பின் அடியில் கிளி மூக்கு மாதிரி வளைந்து நீட்டியிருந்தது. இடது குதிகால் எலும்போ கழுவிக் கவிழ்த்த கிண்ணம் போல வழுவழுவென்று இருந்தது.

"படத்தை மாத்திட்டாங்க," என்றார் லல்லா ஷாமா.

அதோடு விஷயம் முடிந்தது. லல்லா ஷாமா, தாமூவின் கணவர் ஜிலாலிக்கு மூத்த அக்கா. அவர் ஒன்றை முடித்து வைத்துவிட்டால் அதைத் திரும்பத் திறக்க மொராக்கோவின் ஸலே நகரத்தில் ஆள் கிடையாது. முள்ளுக்கு என்ன வைத்தியம் என்பதையும் அவரே முடிவு செய்தார். மலைப்பக்கத்திலிருந்து சூட்டு வைத்தியர் ஸி லர்பி வருவார். கரி அடுப்பில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, வலிக்கிற இடத்தில் மூன்று தடவை வைப்பார். முள் உள்ளேயே கருகி உதிர்ந்துவிடும். லல்லா ஷாமாவின் காலஞ்சென்ற கணவருக்கு இடுப்புவலி அப்படித்தான் போயிற்றாம்.

வியாழக்கிழமை, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு என்று நாளும் குறித்தாகிவிட்டது.

இதில் யாருக்கும் புரியாத விஷயம், தாமூ சரி என்று தலையாட்டியதுதான். இருபத்தெட்டு வருடத்தில் நாத்தனார் சொன்னதை அவள் ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. வெள்ளிக்கிழமை சமைக்கிற கூஸ்கூஸ் ரவைச் சோற்றுக்குக் கொண்டைக்கடலையை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா என்பதற்கே மூன்று வெள்ளிக்கிழமைகள் இழுத்தவள். பழுத்த இரும்பு என்றதும் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது.

தாமூ எழுந்து இடது காலைத் தரையில் வைத்தாள். வைத்ததும் சுவரைப் பிடித்தாள். ஓர் அடி, இரண்டடி, மூன்றடி. உதட்டைக் கடித்துக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் நடந்தாள். சமையலறைக்குப் போய்ச் சேருவதற்குள் நடை ஒருவாறு சரியாகிவிட்டது.

ஜிலாலி படுத்தபடியே இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியில் எங்கேயாவது 'கிர்'ரென்று சத்தம் வந்தால் மெக்கானிக் வருவதற்குள் இவர் அடியில் புகுந்துவிடுவார். சத்தம் வருகிற இடத்தில் கோளாறு இருக்காது, வேறு எங்கேயோ இருக்கும் என்பது அவருடைய அனுபவம். இப்போது புகுந்து பார்க்க வண்டி இல்லை. அதனால் சமையலறைக் குழாய், பக்கத்து வீட்டு டி.வி., மனைவியின் கால் என்று கிடைத்ததில் எல்லாம் புகுந்துகொண்டிருக்கிறார்.

"தாமூ, ஒண்ணு கேக்கறேன்."

"கேளுங்க. வேண்டாம்னா விடவா போறீங்க."

"முள்ளு குத்துதுன்னா நடக்க நடக்க அதிகமாத்தானே குத்தணும்? உனக்கு என்னடான்னா நாலு அடி வச்சதும் குறையுது. உக்காந்து எந்திரிச்சா மறுபடி பிடிச்சுக்குது. அது என்ன, நேரம் பார்த்துக் குத்துற முள்ளு?"

"என் காலு என்ன உங்க பஸ்ஸா, பிரிச்சுப் பார்க்க?"

"பத்தொன்பது வருஷமா அதே ஹம்மாம், அதே வேலை. அப்பெல்லாம் வலிக்கலே. நாலு மாசத்துக்கு முன்னால என்ன மாறிச்சு?"

தாமூ அடுப்பிலிருந்து தேநீர்க் கெட்டிலை இறக்கினாள்.

"வயசு மாறிச்சு. வேற என்ன," என்றாள்.

பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டதாக ஜிலாலிக்குத் தோன்றியது. ஆனால் அவள் அதற்குள் தலைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

ஹம்மாம் என்கிற பொது வெந்நீர்க் குளியலறையில் வியாழக்கிழமை கூட்டம் நெரியும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தலை குளிக்காத பெண் அந்தப் பக்கத்தில் இல்லை. தாமூ அங்கே தேய்த்துக் குளிப்பாட்டுகிறவள். வருகிறவர்களுக்குக் கறுப்பு சோப்பைப் பூசி ஊற வைத்து, கையுறை மாட்டித் தேய்த்து அழுக்கெடுத்து, வாளி வாளியாக வெந்நீர் ஊற்றிப் புது ஆளாக வெளியே அனுப்ப வேண்டும். ஈரக் கல் தரையில் வெறுங்காலோடு இறங்கினால் வேலை முடிந்துதான் ஏறுவாள்.

"நாலு மணிக்கு வந்துடறேன். ஸி லர்பி முன்னாடியே வந்துட்டா டீ போட்டுக் கொடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏதோ குழாய் ரிப்பேர்காரர் வருவதைப் போலச் சொன்னாள்.

ஜிலாலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எக்ஸ்ரே உறையை எடுத்து மறுபடி படங்களைப் பார்த்தார். படம் மாறியிருக்கும் என்று அவர் நம்பவில்லை. ஓரத்தில் இடது, வலது என்று வெள்ளையாக எழுத்து விழுந்திருந்தது. படமெடுத்த பெண் அந்த ஈய எழுத்தைக் காலுக்குப் பக்கத்தில் வைத்ததைத் தாமூவே பார்த்திருக்கிறாள். இதை அக்காவிடம் சொன்னால், எழுத்தையே மாற்றி வைத்திருப்பாள் என்பார்.

அப்போதுதான் அவருக்கு ஆறு வருடத்துக்கு முந்தைய சங்கதி நினைவுக்கு வந்தது. பஸ் படியில் வழுக்கி விழுந்து அவரும் வலது காலுக்குப் படம் எடுத்திருக்கிறார். அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடுகிற வழக்கம் இல்லை. கல்யாணப் பத்திரத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு. நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேலிருந்து உறையை எடுத்தார். தூசியைத் தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

முள் இருந்தது.

ஜிலாலி கீழே உட்கார்ந்துவிட்டார். வலது குதிகாலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. எழுந்து தரையில் ஓங்கி மிதித்தார். அப்போதும் ஒன்றுமில்லை. ஆறு வருடமாக, அதற்கு முன்னால் எத்தனை வருடமோ, இந்தக் கிளி மூக்கைக் காலில் வைத்துக்கொண்டுதான் அவர் தினமும் மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருகிறார்.

ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வருகிறவர் அல்ல நம் ஜிலாலி. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"லல்லா கன்ஸா, மூணு வருஷம் முன்னால மாடிப்படியில விழுந்தீங்களே, அந்தக் கால் படம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு? என் காலுக்கு மாப்பிள்ளை பார்க்கறீங்களா?"

"சும்மா ஒரு சோதனை. உங்களுக்குக் குதிகால் வலி உண்டா?"

"எனக்கா?" லல்லா கன்ஸாவுக்கு அறுபத்து மூன்று வயது. எந்தக் கல்யாணத்திலும் மேளக்காரர்கள் களைத்த பிறகுதான் அவர் ஆட்டத்தை நிறுத்துவார். "வலின்னா என்னன்னு யாரையாவது கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்."

அடுத்தது தெரு முனை ரொட்டி அடுப்புக்காரர் அல்லால். அவர் காலில் ஒரு தடவை மாவு மூட்டை விழுந்து படம் எடுத்திருந்தார். கொடுக்கும்போது அவரே, "காலையில எந்திரிச்சதும் முதல் அடி வைக்க முடியலே ஜிலாலி. ரெண்டு வருஷமா குதிகால்ல உயிர் போகுது. அடுப்பு முன்னால நிக்கிறேனில்லே," என்றார். கடைசியாக, தெருக் கால்பந்து அணியின் கோல் கீப்பர் ஸுஹைரின் கணுக்கால் படம் அவனுடைய அம்மாவிடமிருந்து வந்தது.

ஜிலாலி மொட்டை மாடிக்கு ஏறினார். துணிக் கொடியில் காய்ந்த போர்வைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தாமூவின் இரண்டையும் சேர்த்து ஆறு படங்களையும் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினார். பின்னாலிருந்து நல்ல வெயில். ஆறு குதிகால்களும் பளிச்சென்று தெரிந்தன. கொடிக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். அவருக்குப் பசியே எடுக்கவில்லை.

அதே நேரத்தில் அவருடைய மகள் பஹீஜா, பருப்புக் குழம்பும் ரொட்டியும் கட்டி எடுத்துக்கொண்டு ஹம்மாம் வாசலில் நின்றாள்.

பஹீஜாவுக்கு இருபத்து நாலு வயது. உம்மாவின் காலில் சூட்டு இரும்பு என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. எப்படியாவது பேசிப் பார்க்கலாம் என்று வந்திருந்தாள்.

உடை மாற்றுகிற அறையில் துணிக் கூடைகளுக்குக் காவல் இருக்கும், பஹீஜா சின்னம்மா முறையில் 'காலா' என்று கூப்பிடுகிற யாமினா, "இன்னைக்குத் தையல் ஃபாக்டரி இல்லையா பொண்ணே?" என்று கேட்டாள்.

"லீவு போட்டேன்."

உள் கதவு திறந்தபோது நீராவிக்கு நடுவே உம்மா தெரிந்தாள். ஒரு பெண்ணின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது காலைப் பின்னால் வைத்து, அதன் விரல்களை மட்டும் மடக்கிக் கல்லில் பதித்திருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த விரல்களிலிருந்துதான் உந்தினாள். பஹீஜா தையல் மெஷினில் உட்காருகிறவள். துணியில் இழுவை எங்கே விழுகிறது என்று பார்த்துப் பழகிய கண். அவளுக்கு அந்த இடது பாதத்திலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை.

"யாமினா காலா, உம்மா எப்பவும் இப்படித்தான் உக்காருவாங்களா?"

"பத்தொன்பது வருஷமா. அதை ஏன் பார்க்கிறே? அதோ, வாசல்ல கிடக்குதே, அதைப் பாரு."

வாசலில் மாதுளை நிறத் தோல் செருப்பு கிடந்தது. பின்பட்டை இல்லாதது. விரல்களால் கவ்விப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய ரகம். அடித்தோல் ஒரு பிஸ்கட் கனம்கூடத் தேறாது. பஹீஜாவுக்கு அதைத் தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால், பெருநாள் முடிந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று, சந்தையில் நாலு கடை ஏறி இறங்கி உம்மாவுக்கு அவள் வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் உம்மாவின் பழைய, தடித்த ரப்பர் அடி வைத்த ஷூவை, ஊரே சிரிக்குது என்று சொல்லிக் குப்பையில் போட்டதும் அவளேதான்.

"அதைப் போட்டுக்கிட்டு வர இருபத்தஞ்சு நிமிஷம், போக இருபத்தஞ்சு நிமிஷம்," என்றாள் யாமினா. "வந்ததும் கால் மணி நேரம் குதிகாலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. பழசைப் போடேன்டின்னேன். பழசு போயிடுச்சுன்னா. வேற வாங்குன்னேன். இது என் பொண்ணு வாங்கிக் கொடுத்ததுன்னு சொல்லி என் வாயை அடைச்சுட்டா. அப்புறம் நான் என்ன பேச?"

தாமூ துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மகளைப் பார்த்ததும் நின்றாள்.

"நீ எங்கே இங்கே?"

"லீவு உம்மா. பருப்பு கொண்டு வந்தேன்."

தாமூ மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் ரொட்டியைப் பிட்டுப் பருப்பில் தோய்த்தாள். பேச வந்த பஹீஜா வாசலில் கிடந்த செருப்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். தாமூவின் காலைப் பார்த்த டாக்டர் ஸுமையா கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஹம்மாம்ல வேலை செய்யறவங்க பொண்ணா? வாங்க. அன்னைக்குக் கூட வந்த உங்க மாமி, லல்லா ஷாமா, என்னைப் பேசவே விடலே. முள்ளு எங்கேன்னு மட்டும் காட்டுங்கன்னாங்க. காட்டினேன். போயிட்டாங்க."

"டாக்டர், முள்ளு அந்தக் கால்ல இருக்க, வலி இந்தக் கால்ல எப்படி?"

டாக்டர் பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதன் வாரை இழுத்துக் காட்டினார்.

"உள்ளங்கால்ல குதிகாலிலேர்ந்து விரல் வரைக்கும் இப்படி ஒரு தசைநார் ஓடுது. நீங்க நின்னா, நடந்தா, விரலை ஊன்றி உந்தினா இது இழுபடும். வருஷக்கணக்கா இழுபட்டா, எலும்போட சேருற இடத்துல எலும்பு கொஞ்சம் வளர்ந்து நீட்டிக்கும். அதுதான் முள்ளு."

"நாங்க பாக்கெட் ஓரத்துல இழுவை விழுற இடத்துல நெருக்கமா அடிச்சுத் தைப்போம். அந்த மாதிரியா?"

"சரியாச் சொன்னீங்க. அந்தத் தடிப்பு யாரையும் குத்தறதில்லே. நிறையப் பேருக்கு முள்ளு இருக்கும், வலியே இருக்காது. வலிக்கிறது இந்த வாரு. இது நொந்து போனா முள்ளு இருந்தாலும் வலிக்கும், இல்லாட்டியும் வலிக்கும். தூங்கும்போது சுருங்கிக்கும். காலையில முதல் அடி வச்சதும் வெடுக்குன்னு இழுபடும். அதனாலதான் அப்ப உயிர் போகுது."

பஹீஜா கைகளைப் பிசைந்தாள்.

"உம்மா விரலை மடக்கி ஊன்றித்தான் உக்காந்து தேய்க்கறாங்க, மெல்லிசுச் செருப்புல தினம் அம்பது நிமிஷம் நடக்கறாங்க. செருப்பாலே வருமா டாக்டர்?"

"செருப்பு மட்டும்னு சொல்ல மாட்டேன். கல் தரை, வெறுங்கால், நாள் பூரா நிக்கிறது, அவங்க உக்காருற விதம், எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே பாரம் இருக்கு. அதுக்கு மேல தட்டையா, மெல்லிசா ஒரு செருப்பைப் போட்டு தினம் ஒரு மணி நேரம் நடந்தா வாரு தாங்காது. ஏன் கேக்கறீங்க?"

பஹீஜா அதைச் சொல்லாமல் இரும்பு விஷயத்தை மட்டும் சொன்னாள். டாக்டர் எழுந்தே விட்டார்.

"உள்ளங்கால்ல சூடா? நாள் பூரா ஈரத்துல நிக்கிறவங்களுக்கா? புண்ணு ஆறவே ஆறாது. சீழ் பிடிச்சா வேலையே போச்சு. வீட்டுக்கு ஓடுங்க முதல்ல."

ஓடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதியும் வரைந்தும் கொடுத்தார். பஹீஜா அதை வழி நெடுகப் படித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் லல்லா ஷாமா முற்றத்தில் கரி அடுப்பைப் பற்ற வைத்து விசிறிக்கொண்டிருந்தார். பஹீஜா அவரைத் தாண்டி மாடிக்கு ஏறினாள். கொடியில் தொங்கிய ஆறு கால்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா, வா," என்றார் ஜிலாலி. "இது நான், முள்ளு உண்டு, வலி இல்லே. இது லல்லா கன்ஸா, என்னைவிடப் பெரிய முள்ளு, கல்யாணம் கல்யாணமா ஆடறாங்க. இது அல்லால், முள்ளே இல்லே, ரெண்டு வருஷமா நொண்டறார். இது கோல் கீப்பர், ரெண்டும் இல்லே. முள்ளுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லே பஹீஜா. ஆனா ஒண்ணுதான் பிடிபடலே. பத்தொன்பது வருஷம் தாங்கின காலு நாலு மாசத்துக்கு முன்னால ஏன் மக்கர் பண்ணிச்சு?"

"என்னாலே வாப்பா," என்றாள் பஹீஜா. சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

செருப்புக் கதையைக் கேட்ட ஜிலாலி, தேடிக்கொண்டிருந்த கோளாறு கிடைத்த சந்தோஷத்தில் முதலில் தொடையைத் தட்டினார். அப்புறம்தான் மகளின் முகத்தைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"தெரிஞ்சும் இரும்புக்குச் சம்மதிச்சாளா?"

கீழே கதவு தட்டப்பட்டது. ஸி லர்பி வந்துவிட்டார்.

ஒல்லியான, மரியாதையான மனிதர். கைகளைக் கழுவிக்கொண்டு, துணியில் சுற்றி வைத்திருந்த இரும்பை எடுத்துக் கரியில் செருகினார். தாமூவும் வந்து சேர்ந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு முற்றத்துப் பாயில் உட்கார்ந்தாள். எதிர் வீட்டு லல்லா கன்ஸா, தன் கால் படத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர், வாசலிலேயே நின்றுகொண்டார்.

ஜிலாலி ஆறு படங்களோடு கீழே இறங்கினார்.

"ஸி லர்பி, தப்பா நினைக்காதீங்க. இதுல யாருக்கு வலின்னு சொல்லுங்க பார்க்கலாம்."

"ஜிலாலி, வந்தவரைப் பரீட்சை வைக்காதே," என்றார் லல்லா ஷாமா.

ஸி லர்பி படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றைத் தனியே எடுத்து வைத்துப் பெருமூச்சு விட்டார்.

"பாவம். இவங்க படுக்கையை விட்டு எந்திரிக்க முடியாது."

"அது நான்தான்," என்றார் வாசலில் நின்ற லல்லா கன்ஸா. "நேத்து ராத்திரி ஸல்வா கல்யாணத்துல ஆடிட்டு வந்தேன்."

ஸி லர்பி அசரவில்லை. "நான் படம் பார்க்கிறவன் இல்லே தாயி. வலிக்கிற இடத்துல வைக்கிறவன்."

"கேட்டியா?" என்றார் லல்லா ஷாமா. "இடது காலு. தாமூ, நீட்டு."

தாமூ காலை நீட்டினாள்.

பஹீஜா போய் அந்தக் காலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். டாக்டரின் தாளைப் பிரித்தாள். நிறுத்தாமல் வாசித்தாள். காலையில் காலைத் தரையில் வைப்பதற்கு முன்னால், படுக்கையிலேயே ஒரு துண்டை விரல்களில் மாட்டி உன் பக்கமாக இழுத்துப் பிடி. ஒரு நாளைக்குப் பல தடவை. சுவரில் கை ஊன்றிப் பின்னங்கால் சதையை நீட்டு. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலால் உருட்டு. வீட்டுத் தரையில்கூட வெறுங்காலோடு நடக்காதே, குதிகால் கொஞ்சம் உயர்ந்த மெத்தென்ற செருப்பு போடு. ஹம்மாமிலும் வழுக்காத ரப்பர் செருப்பு. விரலை மடக்கி உந்தாமல் சின்ன முக்காலியில் உட்கார்ந்து தேய். அப்படியும் குறையாவிட்டால் வேறு சிகிச்சைகள் இருக்கின்றன, கத்தி கடைசியிலும் கடைசி.

"துண்டாலே இழுத்தா முள்ளு போயிடுமா?" என்றார் லல்லா ஷாமா.

"போகாது மாமி. முள்ளு அது பாட்டுக்கு இருக்கட்டும். வலிதான் போகணும்."

"எத்தனை நாள்ல?"

பஹீஜா தாளைப் பார்த்தாள். "சில பேருக்கு மூணு மாசம். சில பேருக்கு வருஷம்கூட ஆகுமாம்."

"இரும்பு மூணே நாள்."

கரியில் இரும்பின் நுனி சிவந்துவிட்டது. தாமூ நீட்டிய காலை மடக்கவில்லை. மகளைத் தாண்டி ஸி லர்பியைத்தான் பார்த்தாள்.

"வைங்க ஸி லர்பி. எனக்கு நேரமாகுது."

"உம்மா," என்றாள் பஹீஜா. "நான் யாமினா காலாவைப் பார்த்தேன். செருப்பு விஷயம் தெரியும்."

"செருப்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லே," என்றாள் தாமூ. கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறவளின் வேகம் அதில் இருந்தது. ஜிலாலி காலையில் கேட்ட அதே வேகம்.

"தெரிஞ்சே ஏன் உம்மா போட்டே?"

தாமூவின் முகம் கோணியது. அவள் அழுகிறவள் அல்ல. அதனால் அழுகையை எப்படி மறைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உன் முதல் சம்பளம்டி. அதைப் போட்டுக்கிட்டு வாசல்ல இறங்கறப்ப எல்லாம் நீ ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டு நிப்பே. உன் முகத்தைப் பார்த்துட்டு அதைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலே. முள்ளுன்னு டாக்டரம்மா சொன்னதும் நிம்மதியா இருந்துச்சு. பழி முள்ளு மேல போயிட்டுது. இரும்பு வச்சா முள்ளும் போச்சு, யாரும் மேல கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

பஹீஜா உம்மாவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். லல்லா ஷாமா விசிறுவதை நிறுத்தினார். தன்னுடைய வைத்தியத்தின்மேல் உள்ள நம்பிக்கையில் தாமூ சம்மதிக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வருத்தம் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

ஸி லர்பி இரும்பைக் கரியிலிருந்து உருவித் தரையில் வைத்தார்.

"இந்தக் காலுக்கு நான் தேவையில்லே," என்றார். டீயை வாங்கி நிதானமாகக் குடித்தார். போகும்போது பஹீஜாவின் பக்கம் குனிந்து, "அந்தத் துண்டு விஷயத்தை எனக்கு இன்னொரு தடவை சொல்லும்மா. எனக்கும் காலையில முதல் அடி கொஞ்சம் சிரமம்தான்," என்றார்.

லல்லா கன்ஸா சிரித்துக்கொண்டே தன் படத்தை வாங்கிக்கொண்டு போனார். ஜிலாலி மற்ற வீட்டுப் படங்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். அல்லாலிடம் சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. லல்லா ஷாமா, அணையப் போகும் கரியை வீணாக்க மனமில்லாமல் உள்ளே மத்தி மீன் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

முற்றத்தில் உம்மாவும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

"நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் போய் நல்ல ஷூ வாங்கலாம் உம்மா," என்றாள் பஹீஜா. "நீயே போட்டுப் பார்த்து வாங்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"வாங்கலாம்."

தாமூ மகளின் தலைமுடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டாள்.

"என் வலியைச் சொல்லிட்டேன். இப்ப உன்னோடதைச் சொல்லு."

"என்னோடதா?"

"உங்க ஃபாக்டரி பஸ் ஹம்மாம் வாசல் வழியாத்தான் போகுது பஹீஜா. நான் தண்ணி வாளியோட வெளியே வர்ற நேரம். நீ மூணாவது ஜன்னல்ல உக்காந்து கை காட்டுவே. பதினாறு நாளா அந்த ஜன்னல்ல வேற யாரோ உக்காந்திருக்கா. தினமும் காலையில டிபன் கட்டிக்கிட்டு எங்கே போறே?"

பஹீஜா பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஃபாக்டரிக்குப் போய்ப் பதினேழு நாள் ஆச்சு, உம்மா," என்றாள்.